அறுபது லட்சம் பேருக்கு ஒரே ஒரு செனட்டர்

நம் அங்கத்தினர்களில் பலர் பிள்ளை வீடு, பெண் வீடு என்று கலிஃபோர்னியாவுக்குப் போய் வந்தவர்கள். ஹாலிவுட், டிஸ்னிலாண்ட், மாலிபு வெங்கடேசப் பெருமாள் கோவில் என்று ஒரு சுற்று முடித்துவிட்டு, சொந்தபந்தங்களுக்குச் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவோம். அந்த மாநிலத்தின் தலைநகரம் லாஸ் ஏஞ்சலஸும் இல்லை, சான் பிரான்சிஸ்கோவும் இல்லை, வடக்கே இருக்கும் சாக்ரமென்டோ என்பது அங்கே போய் வந்தவர்களிலேயே சிலருக்குத் தெரியாது. அந்த சாக்ரமென்டோவின் மேல்சபையில் ஒரு நாற்காலி இருந்தது. அதன் பெயர் 38ஆம் செனட் தொகுதி. 1931 முதல் 1966 வரை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முழுவதற்கும் அந்த ஒரே நாற்காலிதான். அதன் சரித்திரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சிறு விளக்கம். செனட் என்றதும் வாஷிங்டன் செனட்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாகச் சட்டமன்றம் உண்டு. 1937 முதல் ஒரே சபையோடு நடந்துவரும் நெப்ராஸ்கா நீங்கலாக மற்ற 49 மாநிலங்களிலும் கீழ்சபை, மேல்சபை என்று இரண்டு. மேல்சபைக்குத்தான் மாநில செனட் என்று பெயர். 1986ல் ஒழிக்கப்பட்ட நம் தமிழ்நாட்டு மேல்சபையைப் போல அது பட்டதாரி தொகுதி, ஆசிரியர் தொகுதி, நியமனம் என்று அமைந்ததல்ல. எம்.எல்.ஏ.வைப் போலவே மக்கள் நேராக ஓட்டுப் போட்டு செனட்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம். கலிஃபோர்னியாவில் அப்படி 58 கவுண்டிகள்.

1879ஆம் வருஷத்து கலிஃபோர்னியா அரசியல் சட்டம் செனட்டுக்கு 40 பேர், கீழ்சபைக்கு 80 பேர் என்று நிர்ணயித்தது. அந்த எண்ணிக்கை இன்றுவரை மாறவில்லை. இரண்டு சபைகளுக்கும் ஜனத்தொகைதான் அடிப்படை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்துத் தொகுதிகளைத் திருத்தி அமைக்க வேண்டும். தங்கம் தேடி வந்தவர்கள் வடக்கே குடியேறியிருந்த காலத்தில் இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சான் பிரான்சிஸ்கோதான் பெரிய ஊர், லாஸ் ஏஞ்சலஸ் ஏதோ தெற்கத்திய ஊர் என்று இருந்தது.

1920 கணக்கெடுப்பில் நிலைமை தலைகீழாயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் ஜனத்தொகை 5,76,673 என்றும், சான் பிரான்சிஸ்கோவுடையது 5,06,676 என்றும் கணக்கு வந்தது. எண்ணெய்க் கிணறு, சினிமா, ஆரஞ்சுத் தோட்டம், மனை வியாபாரம் எல்லாம் சேர்ந்து தெற்கே ஜனங்களை இழுத்துக்கொண்டிருந்தன. சட்டப்படி தொகுதிகளை மாற்றினால் சாக்ரமென்டோவில் தெற்கின் கை ஓங்கிவிடும். ஆகவே சட்டமன்றம் என்ன செய்தது? ஒன்றும் செய்யாமல் இருந்தது! 1921ல் செய்ய வேண்டிய மறுசீரமைப்பு தள்ளிக்கொண்டே போயிற்று.

கடைசியில் 1926 நவம்பரில் விஷயம் மக்களிடமே போயிற்று. அந்த ஊரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையெழுத்து சேர்த்தால் எந்தப் பிரேரணையையும் நேரடியாக வாக்குச் சீட்டில் ஏற்றிவிடலாம். அவ்வருஷம் ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு பிரேரணைகள் சீட்டில் இருந்தன. ஜனத்தொகைப்படியே இரு சபைகளும் தொடரட்டும் என்றது 20ஆம் எண் பிரேரணை. விவசாயிகள் சங்கத்தார் கொண்டுவந்த 28ஆம் எண் பிரேரணையோ, கீழ்சபைக்கு மட்டும் ஜனத்தொகை, செனட்டுக்குக் கவுண்டிதான் கணக்கு என்றது. எந்தக் கவுண்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது. ஒரு தொகுதியில் மூன்று கவுண்டிகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது. வாஷிங்டன் செனட்டில் மாநிலம் பெரிதானாலும் சிறிதானாலும் இரண்டே ஸ்தானம்தானே, அதே நியாயம் இங்கேயும் இருக்கட்டும் என்பது வாதம். அதனால் இதற்கு 'ஃபெடரல் திட்டம்' என்று பெயர் வந்தது.

28 ஜெயித்தது, 20 தோற்றது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் திட்டத்தால் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஒரே ஒரு செனட்டர்தான் மிஞ்சினார். அப்படியிருந்தும் அந்த நகரத்து வணிகப் பிரமுகர்கள் இதை ஆதரித்தார்கள். தன் ஸ்தானங்கள் போனாலும் சரி, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிடைக்கக் கூடாது என்ற எண்ணம். பங்காளிச் சண்டையில் இப்படிப்பட்ட கணக்குகளை நாமும் பார்த்திருக்கிறோம். புதிய தொகுதிகளை வரைந்த சட்டம் 1928ல் இன்னொரு முறை மக்கள் வாக்குக்கு வந்து, அப்போதும் நிலைத்தது.

1930 தேர்தலிலிருந்து 38ஆம் தொகுதி என்றால் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி என்றாயிற்று. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்தால், ஒரு மாநிலத்தின் அரை நூற்றாண்டு அரசியலே அதன் வழியாகப் போனது தெரியும்.

1934ல் ஜெயித்தவர் கல்பர்ட் ஓல்சன். யூட்டா மாநிலத்திலும் முன்பு செனட்டராக இருந்த வக்கீல். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் வறுமையை ஒழிப்பேன் என்று கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். அதே அலையில் ஓல்சன் செனட்டுக்குள் வந்தார். நாலே வருஷத்தில், 1938ல், அவரே கவர்னர் ஆனார். பதவியேற்ற கையோடு, 1939 ஜனவரியில், இருபது வருஷங்களுக்கு மேல் சிறையில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் டாம் மூனிக்கு மன்னிப்பு வழங்கியது அவர் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. 1942ல் மறுபடி நின்றபோது அவரைத் தோற்கடித்தவர் அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரன். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையில் இரண்டு வேஷத்தில் வருகிறார்.

ஓல்சனுக்கு அடுத்து 1939 முதல் 1943 வரை ராபர்ட் கென்னி. நகைச்சுவையாகப் பேசுபவர், தாராளவாதி. 1942ல் வாரன் காலி செய்த அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்று ஜெயித்தார். (அதே நாற்காலியில் 2011 முதல் 2017 வரை இருந்தவர் நம் துளசேந்திரபுரம் பி.வி. கோபாலன் அவர்களின் பேத்தி கமலா ஹாரிஸ்.) 1946ல் கென்னி கவர்னர் பதவிக்கு வாரனை எதிர்த்து நின்றார். அப்போது கலிஃபோர்னியாவில் ஒரு வினோத வழக்கம். ஒரே ஆள் இரண்டு கட்சிகளின் முதல்நிலைத் தேர்தலிலும் நிற்கலாம். 1913ல் வந்து 1959ல் ஒழிந்த வழக்கம் இது. வாரன் குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலும் கென்னியைத் தோற்கடித்து, இரு கட்சிக்கும் தானே வேட்பாளர் ஆனார். ஆக, லாஸ் ஏஞ்சலஸ் செனட்டர்களாக இருந்த இருவர் அடுத்தடுத்து வாரனிடம் தோற்றார்கள்.

மூன்றாமவர் ஜாக் டென்னி. 1942, 1946, 1950 என்று மூன்று முறை ஜெயித்தவர். இவர் பியானோ வாசிப்பவர், 1920களில் பிரபலமான 'மெக்ஸிகாலி ரோஸ்' பாட்டுக்கு இசையமைத்தவர், லாஸ் ஏஞ்சலஸ் இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். இடதுசாரியாகத் தொடங்கியவர் பிறகு முழுக்கத் திரும்பிவிட்டார். ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குப் போனார். 1941 முதல் 1949 வரை சட்டமன்றத்தின் 'அமெரிக்க விரோத நடவடிக்கை' விசாரணைக் குழுவுக்கு இவர்தான் தலைவர். பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள் என்று கம்யூனிஸ்டு பட்டம் கட்டப்பட்டவர்கள் ஏராளம். 1947ல் வாஷிங்டன் குழு ஒன்று ஹாலிவுட்டை விசாரிக்க வந்தபோது சினிமாக்காரர்களுக்காக ஆஜரான வக்கீல்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே நாற்காலியில் டென்னிக்கு முன் இருந்த கென்னி. ஒரே தொகுதி, ஒரே ஜனங்கள், அடுத்தடுத்து இரண்டு பேர். ஒருவர் வேட்டைக்காரர், மற்றவர் வேட்டையாடப்பட்டவர்களின் வக்கீல். லட்சக்கணக்கான வாக்காளர்கள் உள்ள தொகுதியில் ஓட்டுப் போடுபவர்களுக்கு வேட்பாளர் முகமே தெரியாது. அந்த வருஷத்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம்தான் என்பது என் அபிப்பிராயம்.

1954ல் டென்னியை அவர் கட்சிக்குள்ளேயே ஒரு பெண்மணி தோற்கடித்தார். மில்ட்ரெட் யங்கர் என்று பெயர். நவம்பர் பொதுத் தேர்தலிலும் அவர் ஜெயித்திருந்தால் கலிஃபோர்னியா செனட்டின் முதல் பெண் உறுப்பினர் ஆகியிருப்பார். ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸிடம் தோற்றார். அந்தச் சபைக்கு முதல் பெண் வர அதற்குப் பின் 22 வருஷம் ஆயிற்று. 1976ல் வந்த ரோஸ் ஆன் வுயிச் அம்மையார், சபையில் யாராவது 'கனவான்களே' என்று மட்டும் விளித்துப் பேசினால் மேஜை மேல் வைத்திருந்த சின்ன மணியை ஆட்டுவாராம்.

ரிச்சர்ட்ஸ் எட்டு வருஷம் இருந்தார். நடுவே 1956லும், பிறகு 1962லும் வாஷிங்டன் செனட்டுக்கு நின்று இரண்டு முறையும் தாமஸ் கூக்கலிடம் தோற்றார். அவருக்குப் பின் 1963ல் வந்த தாமஸ் ரீஸ், 1965 டிசம்பரில் வாஷிங்டன் கீழ்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போய்விட்டார். கவுண்டி முழுவதற்கும் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் அவரே கடைசி.

இந்த ஆளின் வேலைப்பளுவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1960 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஜனத்தொகை 60,38,771. கலிஃபோர்னியாவை விட்டுவிட்டால், அன்று அமெரிக்காவில் இதைவிட அதிக ஜனங்கள் உள்ள மாநிலங்கள் ஏழே ஏழுதான். தொகுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம் ஒதுக்கி, தூங்காமல் சாப்பிடாமல் பேசினாலும் எல்லோரையும் பார்த்து முடிக்கப் பதினொன்றரை வருஷம் ஆகும். பதவிக்காலமோ நான்கு வருஷம்.

மறுகோடியில் 28ஆம் தொகுதி. சியரா மலைத்தொடரின் கிழக்குப் புறத்தில் ஆல்பைன், மோனோ, இன்யோ என்று மூன்று கவுண்டிகள். ஆல்பைனில் 397 பேர், மோனோவில் 2,213, இன்யோவில் 11,684. ஆக மொத்தம் 14,294. நம் ஊரில் ஒரு பெரிய கிராமம், அல்லது பம்பாயில் நாலைந்து குடியிருப்பு வளாகங்கள். அவர்களுக்கும் ஒரு செனட்டர், ஒரு ஓட்டு. கணக்குப் போட்டால் இங்கே ஒருவர் அங்கே 422 பேருக்குச் சமம். மாநிலத்தின் ஜனத்தொகையில் 10.7 சதவீதம் பேர் சேர்ந்தாலே 40 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுத்துவிடலாம். 38 சதவீதத்துக்கு மேல் இருந்த லாஸ் ஏஞ்சலஸுக்கு 40ல் ஒன்று.

இந்த இரண்டு தொகுதிகளுக்கும் இடையே ஒரு பழைய பகையும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் குடித்த தண்ணீர் இன்யோவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. வில்லியம் மல்ஹாலண்ட் என்ற என்ஜினீயர் கட்டிய கால்வாய் 1913ல் திறந்தது. 1924ல் பள்ளத்தாக்கு ஜனங்கள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள், மதகையே கைப்பற்றித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். ஓவன்ஸ் ஏரி வறண்டு உப்புத் தூசியாயிற்று. நகரத்துக்காரன் தண்ணீரை எடுத்துக்கொண்டான், சபையில் ஒரு ஓட்டாவது நமக்குச் சமமாக இருக்கட்டும் என்று மலைநாட்டுக்காரன் நினைத்தால் அதைத் தப்பென்று சொல்லிவிட முடியுமா? ஃபெடரல் திட்டத்தை வெறும் மோசடி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் உண்மையில் என்ன நடந்தது? இன்யோவுக்கும் மோனோவுக்கும் செனட்டில் லாஸ் ஏஞ்சலஸுக்குச் சமமான இடம் இருந்த அதே முப்பத்தைந்து வருஷங்களுக்குள்தான் அந்த நகரம் கால்வாயை இன்னும் வடக்கே நீட்டி, 1941 முதல் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளையும் திருப்பியது. நாற்பதில் ஒரு ஓட்டு அதைத் தடுக்கவில்லை.

கிராமத்து செனட்டர்கள் எல்லோரும் நகரத்தின் எதிரிகள் என்றும் சொல்ல முடியாது. ஆரிகன் எல்லையில் இருக்கும் சிஸ்கியூ கவுண்டியின் ராண்டால்ஃப் காலியர், 1939 முதல் 1976 வரை செனட்டில் இருந்தார். 1947ல் பெட்ரோல் வரியைக் கேலனுக்கு 3 சென்டிலிருந்து 4½ சென்டாக உயர்த்தி விரைவுச் சாலைகளுக்குப் பணம் திரட்டிய சட்டம் அவர் பெயரால் வழங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸில் நம் பிள்ளைகள் தினம் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்ளும் அந்தச் சாலைகளுக்கு ஒரு மலைநாட்டுக்காரரும் காரணம். ஃப்ரெஸ்னோவின் ஹ்யூ பர்ன்ஸ் 1957 முதல் 1969 வரை செனட்டின் தலைமை ஸ்தானத்தில் இருந்தார். வடக்கே மிகுந்த நீரைத் தெற்கே கொண்டுவரும் பெரும் திட்டத்துக்கு 175 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடும் சட்டத்தில் அவர் பெயரும் இருக்கிறது. 1960 நவம்பரில் மக்கள் அதற்குச் சொற்ப வித்தியாசத்தில் சம்மதம் தந்தார்கள்.

திட்டத்தை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 1948ல் தொழிற்சங்கங்களின் ஆதரவோடு 13ஆம் எண் பிரேரணை வந்தது. (1978ல் வந்த புகழ்பெற்ற சொத்துவரிப் பிரேரணைக்கும் 13தான் எண்; இது வேறு.) அதை எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் கவர்னர் வாரன். சில கவுண்டிகளில் ஜனம் குறைவாக இருக்கலாம், ஆனால் மாநிலத்தின் வாழ்வில் அவற்றின் முக்கியத்துவம் தலை எண்ணிக்கையைவிட அதிகம். இருக்கிற ஏற்பாடு நன்றாகத்தான் நடக்கிறது என்ற கருத்தில் பேசினார். பிரேரணை இரண்டுக்கு ஒன்றுக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்றது. 1960ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் மேற்பார்வையாளர் ஃப்ராங்க் பொனெல்லி, வடக்குக்கு 20, தெற்குக்கு 20 என்று பிரிக்கும் யோசனை கொண்டுவந்தார். அதே வாக்குச் சீட்டில்தான் தண்ணீர்த் திட்டமும் இருந்தது. தண்ணீர் கிடைத்தது, ஸ்தானம் கிடைக்கவில்லை. 1962ல் செனட்டை 50 பேராக்கும் யோசனையும் விழுந்தது.

இதற்குள் விஷயம் வேறு பக்கத்தில் கிளம்பிவிட்டது. தொகுதிப் பங்கீடு அரசியல், அதில் நீதிமன்றம் தலையிடாது என்று அதுவரை சொல்லி வந்த சுப்ரீம் கோர்ட், டென்னஸி மாநில வழக்கில் 1962 மார்ச் 26 அன்று, தலையிடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு அலபாமா வழக்கு. அங்கே 1901க்குப் பின் தொகுதிகளைத் திருத்தவே இல்லை. ஆறு லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள ஜெஃபர்சன் கவுண்டிக்கு ஒரு செனட்டர், 15,417 பேர் உள்ள லவுண்டஸ் கவுண்டிக்கும் ஒரு செனட்டர். 1964 ஜூன் 15 அன்று, மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு சபைகளுமே ஜனத்தொகைப்படிதான் இருக்க வேண்டும் என்று 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் பிரதிநிதிகளாக இருப்பது மனிதர்களுக்கு, மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்ல என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

எழுதியவர் தலைமை நீதிபதி. அவர் பெயர் ஏர்ல் வாரன்.

பதினாறு வருஷத்துக்கு முன் கவர்னராக எதை ஆதரித்துப் பேசினாரோ அதையே நீதிபதியாக அடித்தார். வாஷிங்டன் செனட்டை உதாரணம் காட்டுவது செல்லாது என்று காரணமும் சொன்னார். மாநிலங்கள் தனி உரிமை உள்ளவையாக இருந்து ஒன்று கூடி நாட்டை உண்டாக்கின. கவுண்டியோ மாநிலம் தன் நிர்வாகத்துக்காக வகுத்துக்கொண்ட பிரிவு, அதற்கென்று தனி இறையாண்மை கிடையாது என்றார். பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில், கவர்னராக இருந்தபோது தான் கொண்ட நிலை அரசியல் வசதியைப் பார்த்துக் கொண்டது, அது தவறு என்று ஒளிக்காமல் எழுதினார். தன் காலத்துத் தீர்ப்புகளில், பள்ளிகளில் நிறவேற்றுமையை ஒழித்த 1954 தீர்ப்பைவிடவும் இந்தத் தொகுதிப் பங்கீட்டுத் தீர்ப்புகளே பெரியவை என்பது அவர் எண்ணம்.

ஒரு சந்தேகம் எழலாம். கலிஃபோர்னியா மக்களே மறுபடி மறுபடி வாக்களித்து இதைத்தானே விரும்பினார்கள், அதில் கோர்ட்டுக்கு என்ன? அதே நாளில் வந்த கொலராடோ வழக்கில் இதற்கும் பதில் கிடைத்தது. அங்கே 1962ல் இதைப்போன்ற திட்டத்தை மக்கள் பெரும்பான்மை வாக்கில் ஏற்றிருந்தார்கள். ஒரு தனி மனிதனின் சம ஓட்டு உரிமையைப் பெரும்பான்மை சேர்ந்தும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது கோர்ட். இதில் நீதிபதிகள் 6க்கு 3 என்று பிரிந்தார்கள். மூவரின் கவலையிலும் நியாயம் இல்லாமலில்லை.

சும்மா விடுவார்களா? வாஷிங்டன் செனட்டில் இல்லினாய் மாநிலத்தின் எவரெட் டர்க்ஸன், ஒரு சபையையாவது மாநிலங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 1965ல் 57க்கு 39, 1966ல் 55க்கு 38. பெரும்பான்மை இருந்தும், வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் இரண்டு முறையும் விழுந்தது. கலிஃபோர்னியாவில் வழக்குகள் நடந்து, மாநில உச்ச நீதிமன்றம் 1965ல் கெடு வைத்தது. நாற்பது செனட்டர்கள் கூடித் தங்களில் பலரின் தொகுதியைத் தாங்களே கரைக்க வேண்டிய தர்மசங்கடம். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள்.

1966 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலிருந்து ஒருவருக்குப் பதில் ஒரு கூட்டமே சாக்ரமென்டோ போயிற்று. அதில் மூவரைச் சொல்கிறேன். லாங் பீச்சின் ஜார்ஜ் டூக்மேஜியன், ஆர்மீனிய அகதிக் குடும்பத்துப் பிள்ளை, பிற்பாடு 1983 முதல் 1991 வரை கவர்னர். மேற்கு லாஸ் ஏஞ்சலஸின் ஆன்டனி பைலன்சன், பிற்பாடு வாஷிங்டன் கீழ்சபை உறுப்பினர். மூன்றாமவர் நமக்குச் சற்று நெருக்கமானவர். மெர்வின் டிமாலி, ட்ரினிடாட் தீவில் பிறந்தவர். தந்தை இந்திய வம்சாவளி, தாய் ஆப்பிரிக்க வம்சாவளி. கலிஃபோர்னியா செனட்டின் முதல் கறுப்பினத்தவர் அவர். பிறகு 1975 முதல் 1979 வரை துணை கவர்னர், 1981 முதல் 1993 வரை வாஷிங்டனில். ஒரே செனட்டர் என்று இருந்த காலத்தில், கவுண்டி முழுவதிலும் ஓட்டு வாங்கித்தான் ஒரு கறுப்பினத்தவர் உள்ளே வந்திருக்க வேண்டும். தொகுதி சிறிதானதும் அவருடைய பேட்டை ஜனங்கள் தங்கள் ஆளை அனுப்பினார்கள். 1978ல் அதே கவுண்டியிலிருந்து வந்த டயான் வாட்சன் அச்சபையின் முதல் கறுப்பினப் பெண்மணி. சமத்துவம் என்று பேசப்பட்ட ஃபெடரல் திட்டத்தில் யார் யாருக்கு இடமில்லாமல் இருந்தது என்பது இதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

டெல்லி அங்கத்தினர்களுக்கு இந்த எண்கள் புதிதாக இராது. 2004 தேர்தலில் வெளி டெல்லித் தொகுதியில் 33 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். லட்சத்தீவில் 40 ஆயிரத்துக்கும் குறைவு. 1976ன் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் லோக்சபா ஸ்தானங்களை 1971 ஜனத்தொகையில் நிறுத்தி வைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்தியதற்காக ஸ்தானம் குறையலாமா என்று தெற்கு கேட்கிறது. என் ஓட்டுக்கு மட்டும் மதிப்புக் குறைவா என்று வடக்கே இருப்பவர் கேட்கலாம். நம்மவர் இரு பக்கமும் வசிக்கிறார்கள். நம் மாநிலங்கள் கவுண்டிகளா, இறையாண்மை உள்ள மாநிலங்களா என்ற கேள்விக்கு வாரனின் தீர்ப்பு அப்படியே பொருந்தாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இப்போது 38 என்ற எண் எங்கே இருக்கிறது? 2008ல் மக்கள் ஏற்ற பிரேரணைப்படி மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளைச் சாதாரணக் குடிமக்களைக் கொண்ட ஆணையம் வரைகிறது. 2021ல் அது வரைந்த வரைபடத்தில் 38ஆம் செனட் தொகுதி சான் டியாகோவின் வடக்குக் கடற்கரையிலும் ஆரஞ்சு கவுண்டியின் தென்கோடியிலும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸோடு சம்பந்தமே இல்லை. 2020 கணக்கெடுப்புப்படி மாநிலத்தின் ஜனத்தொகை 3,95,38,223. நாற்பதால் வகுத்தால் ஒரு செனட்டருக்குச் சுமார் 9,88,000 பேர். வாஷிங்டன் கீழ்சபை உறுப்பினருக்கு அமையும் தொகுதியைவிடப் பெரிது இது. ஜனங்கள் பெருகினார்கள், நாற்காலிகள் 1879ல் போட்டபடியே நாற்பதுதான்.

ஆல்பைன், மோனோ, இன்யோ மூன்றும் அதே வரைபடத்தில் மலைக்கு மேற்கே உள்ள ஸ்டானிஸ்லாஸ் முதலிய கவுண்டிகளோடு சேர்ந்து 4ஆம் தொகுதியில் இருக்கின்றன. அங்கே 2022ல் நடந்தது ஒரு கூத்து. எந்தக் கட்சியானாலும் முதல் இரண்டு இடம் பெற்றவர்களே இறுதிப் போட்டிக்குப் போகலாம் என்பது 2010ல் ஏற்கப்பட்ட முறை. குடியரசுக் கட்சியினர் ஆறு பேர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டதால், அக்கட்சிக்குச் சாதகமான தொகுதியில் இரண்டு ஜனநாயகக் கட்சிக்காரர்களே மிஞ்சினார்கள். ஜெயித்த மேரி ஆல்வராடோ கில், 2024 ஆகஸ்டில் குடியரசுக் கட்சிக்கு மாறிவிட்டார்.

தண்ணீர் விஷயம் மட்டும் பாக்கி. சமமான செனட் ஸ்தானம் போன பிறகு அந்த மலைநாட்டுக்காரர்கள் சாக்ரமென்டோவை நம்பாமல் கோர்ட்டுக்குப் போனார்கள். நிலத்தடி நீரை இறைப்பதை எதிர்த்து இன்யோ கவுண்டி 1972ல் வழக்குப் போட்டது. மோனோ ஏரி வழக்கில் 1983ல் மாநில உச்ச நீதிமன்றம் ஏரி பொதுமக்களின் சொத்து, அரசு அதன் தர்மகர்த்தா என்ற தத்துவத்தை ஏற்றது. 1994ல் மாநில நீர் வாரியம் லாஸ் ஏஞ்சலஸ் எடுக்கும் தண்ணீரைக் குறைத்து உத்தரவிட்டது. 2006 டிசம்பரில், கால்வாய் திறந்து 93 வருஷத்துக்குப் பின், ஓவன்ஸ் ஆற்றின் கீழ்ப் பகுதியில் அந்த நகரமே மதகைத் திறந்து மறுபடி தண்ணீர் விட்டது.